அடங்காத பிரஷர்: ஐந்தாவது மாத்திரைக்கு முன் எந்தச் சோதனை?

அம்லோடிப்பின் 10 மில்லிகிராம், பெரிண்டோபிரில் 8, ஹைட்ரோகுளோரோதயசைட் 25, பிசோப்ரோலால் 5. நான்கு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தாயிற்று. செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ உள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (மலேசிய அரசுச் சுகாதார நிலையம்) கையில் பட்டை கட்டும் ஒவ்வொரு முறையும் மேல் எண் 170-க்குக் கீழே இறங்குவதில்லை. அடுத்து ஐந்தாவது மருந்து எழுதப்படும், அல்லது பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுக்கப்படும். எழுதிய நான்கும் உடம்புக்குள் போகின்றனவா என்று பார்ப்பதுதான் அதற்கு முன் நடக்க வேண்டியது. பல நேரம் அது நடப்பதே இல்லை.

பார்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. கேட்டும் எண்ணியும் பார்ப்பது, கண் முன்னால் விழுங்கச் செய்வது, சிறுநீரில் மருந்தைத் தேடுவது, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பது. விலை மட்டும் இவற்றைப் பிரிப்பதில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. அது தெரியாமல் விலை உயர்ந்ததைத் தேர்ந்தாலும் தவறான முடிவுதான் கிடைக்கும்.

மூன்று வெவ்வேறு வகை மருந்துகளை, அவற்றில் ஒன்று நீர் மாத்திரையாக (ஹைட்ரோகுளோரோதயசைட் போல, சிறுநீரைக் கூடுதலாகப் போகச் செய்வது), தாங்கக்கூடிய உச்ச அளவில் கொடுத்தும் அழுத்தம் இலக்குக்கு வராவிட்டால் அதை அடங்காத உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். மலேசியாவில் பெரியவர்களில் பத்துக்கு மூவருக்கு உயர் அழுத்தம் இருப்பதாக 2019 தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. அவர்களில் ஒரு பகுதியினர் இந்த அடங்காத கூட்டத்தில் வந்து சேர்கிறார்கள். சேர்ந்தவர் எல்லாருக்கும் உண்மையில் மருந்துக்கு அடங்காத நோய் இருப்பதில்லை.

முதலில் அளவையே சந்தேகிக்க வேண்டும். மேற்கை 34 சென்டிமீட்டர் சுற்றளவு உள்ளவருக்கு 22 முதல் 32 வரைக்கான சாதாரணப் பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். கார் நிறுத்த இடம் தேடி அலைந்து, படியேறி வந்த உடனே அளந்தாலும் அப்படித்தான். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் தரையில் படிய உட்கார வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். முந்தைய அரை மணி நேரத்தில் காப்பியும் சிகரெட்டும் கூடாது. வீட்டில் ஏழு நாள், காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்கலாம். அது 135/85-க்குக் கீழே இருந்தால் கிளினிக்கில் மட்டும் ஏறும் அழுத்தம் அது. 24 மணி நேரக் கருவியை மாட்டி அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது, அதில் முழு நாள் சராசரிக்கு எல்லை 130/80. இந்தப் படியைத் தாண்டாமல் மருந்து அளவுச் சோதனை பற்றிப் பேசுவது வீண் செலவு.

வீட்டிலும் ஏறித்தான் இருக்கிறது என்று உறுதியானால், சிறுநீர்ச் சோதனையைப் பரவலாக நடத்திய இடங்களில் கிடைத்த எண்களைப் பார்ப்போம். இங்கிலாந்தின் லெஸ்டரில் 2014-இல் வெளியான ஆய்வில் 208 பேரின் சிறுநீரைச் சோதித்தார்கள். நான்கில் ஒருவர் மருந்துகளில் சிலதையோ எல்லாவற்றையுமோ எடுத்திருக்கவில்லை. 2017-இல் ஏறத்தாழ 1,350 பேரை வைத்து வந்த ஆய்வில் பிரிட்டனில் 41.6 சதவீதம், செக் நாட்டில் 31.5 சதவீதம். மாத்திரை எண்ணிக்கை கூடக் கூட விட்டுப்போவதும் கூடியது. ஐந்தாவது மாத்திரை எழுதும் கை சற்றுத் தயங்க வேண்டியது இதனால்தான்.

கேட்பதும் எண்ணுவதும்

மிகக் குறைந்த செலவு இது, இங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் தலையாட்டல்தான் விடை. "அம்மா, தினமும் நாலு வகை போடுறது கஷ்டம்தான். போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால் எண் கிடைக்கும். மால்மாஸ் என்று மலேசியாவிலேயே உருவான எட்டுக் கேள்விப் பட்டியலும் உண்டு. எந்தப் பட்டியலானாலும் நோயாளி சொல்வதைத்தான் பதிவு செய்யும். உடம்பில் என்ன இருக்கிறது என்பதை அது அறியாது.

மாத்திரை எண்ணும் கணக்கு எளிது. கொடுத்ததில் மீதியைக் கழித்து, சாப்பிட்டிருக்க வேண்டிய எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 30 நாளில் தினம் ஒன்று என்றால் 30 வேண்டும். 36 கொடுத்து 14 மீதி இருந்தால் 22-ஐ 30-ஆல் வகுக்க, 73 சதவீதம். எண்பதுக்குக் கீழே போனால் குறைவு என்பது வழக்கமான எல்லை. இதில் ஓட்டை எங்கே? வருவதற்கு முன் மீதியைக் குப்பையில் போட்டுவிட்டால் நூறு காட்டும். பழைய டப்பாவில் மீந்ததைப் புதியதோடு கொட்டினால் குறைத்துக் காட்டும். மருந்தகப் பதிவை நம்பலாம் என்றால் அதிலும் சிக்கல் உண்டு. மாத்திரைகளில் பாதியைத் தனியார் ஃபார்மசியில் வாங்குபவரின் கணக்கு அரசுக் கணினியில் தெரியாது. தபாலில் வரும் மருந்து வீட்டு வாசல் வரை வந்ததைத்தான் பதிவு காட்டும், தொண்டைக்குள் போனதைக் காட்டாது.

பையோடு எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொல்வது எண்ணுவதைவிடப் பயன் தருகிறது. இரண்டு கிளினிக்கில் இருந்து ஒரே மருந்து வேறு பெயரில் வந்திருப்பது அப்போதுதான் தெரியும். மூட்டு வலிக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக், மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின், சந்தையில் வாங்கிய ஜாமு என்ற மூலிகை மருந்து எல்லாம் அந்தப் பையிலிருந்து வரும். மூட்டு வலி ஜாமுக்களில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது அழுத்தத்தை ஏற்றும் ஸ்டீராய்டு. ஐந்தாவது மாத்திரைக்குத் தேவையே இல்லாமல் போகும் நோயாளிகள் இந்தப் பையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள்.

தனிச் செலவில்லாமல் கிடைக்கும் தடயங்களும் உண்டு. நாடித்துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரோலாலை 10 மில்லிகிராம் போடுபவரின் ஓய்வு நாடித்துடிப்பு 92 என்றால் சந்தேகிக்கலாம். நீர் மாத்திரை தொடர்ந்து போடுபவருக்கு யூரிக் அமிலம் சற்றே ஏறும், பொட்டாசியம் சற்றே இறங்கும். பழைய ரத்த அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மருந்து எப்போது போனது, எப்போது நின்றது என்று ஓரளவு ஊகிக்கலாம். ஊகம்தான், நிரூபணம் இல்லை.

கண் முன்னால் விழுங்குவது

காலை மாத்திரை எதுவும் போடாமல், தன் மருந்துப் பையோடு நோயாளி வருகிறார். தாதி முன்னால் அனைத்தையும் விழுங்குகிறார். பிறகு அரை மணிக்கு ஒரு முறை, நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை, உட்கார்ந்தும் நின்றும் அழுத்தம் பார்க்கப்படுகிறது. முடிந்தால் 24 மணி நேரக் கருவியையும் மாட்டி அனுப்புகிறார்கள். அழுத்தம் நன்றாக இறங்கிவிட்டால், வீட்டில் மருந்து போகவில்லை என்பது ஏறத்தாழ விளங்கிவிடும். ஆய்வகமும் வேண்டாம், அறிக்கைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கோலாலம்பூர், பினாங்கு அரசு மருத்துவமனைகளில் பகல் வார்டு ஒன்றில் நாற்காலியும் தாதியும் கிடைத்தால் போதும். அதனால் பொது மருத்துவத்தில் என் முதல் தேர்வு இதுதான்.

ஆபத்தும் இதில்தான் அதிகம். மாதக்கணக்கில் எதுவும் போடாதவர் ஒரே காலையில் ஐந்து மருந்து விழுங்கினால் அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். பிராசோசின் என்ற பிரஷர் மருந்து இதில் பொல்லாதது. புதிதாகத் தொடங்கும்போது 0.5 மில்லிகிராமை இரவில் படுக்கையில் கொடுப்பதே வழக்கம், ஏனெனில் முதல் அளவிலேயே சிலர் எழுந்ததும் சாய்ந்துவிடுவார்கள். பல நாள் விட்டுவிட்டு நேராக 2 மில்லிகிராம் போடுவதும் அதே கதைதான். எனவே வீட்டில் போடவில்லை என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்காமல் இரண்டோடு தொடங்க வேண்டும். அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவரை நாற்காலியில் வைத்துச் செய்யக் கூடாது, வார்டில் சேர்த்துச் செய்யலாம்.

பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. அம்லோடிப்பினின் அரை ஆயுள் (ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம்) 35 முதல் 50 மணி நேரம், ரத்தத்தில் உச்சம் தொடவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும், நிலையான அளவுக்கு ஏழெட்டு நாள் வேண்டும். காலையில் விழுங்கி மதியத்துக்குள் இறங்கவில்லை என்பதற்காக "இவருக்கு மருந்து வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடுவது பிழை. பட்டியலில் அம்லோடிப்பின் முக்கியமானது என்றால் ஒரு நாள் சோதனை போதாது. ஒரு வாரம் குடும்பத்தில் ஒருவர் கண் முன்னால் போடச் செய்ய வேண்டும். காசநோய் மருந்தைப் பார்த்துக் கொடுப்பது போல, மகளோ மருமகனோ காலை வீடியோ அழைப்பில் பார்ப்பதும் நடக்கக்கூடியதே.

சிறுநீரில் தேடுவது

எல்.சி.எம்.எஸ். என்று ஆய்வகத்தார் சொல்லும் கருவி, கலந்து கிடக்கும் சேர்மங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் எடையை வைத்து அடையாளம் காணும். ஒரே மாதிரியில் பல பிரஷர் மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடலாம். விடை பெரும்பாலும் இரண்டே சொல்: உண்டு, இல்லை. எத்தனை மில்லிகிராம் போட்டார் என்று அது சொல்லாது. வான்கோமைசின், ஃபெனிட்டோயின், டிகாக்சின் அளவுகளுக்கு மருத்துவமனைகளில் நிரப்பும் வழக்கமான படிவத்தோடு இதைக் குழப்பக் கூடாது. அவை ஒவ்வொன்றும் தனித்தனி எதிர்வினைப் பொருளால் செய்யப்படுபவை, இது வேறு கருவி. ஆகவே முதலில் மருத்துவமனை மருந்தகத்தோடும் ஆய்வகத்தோடும் பேசி, மாதிரி எங்கே போகும், எந்தெந்த மருந்து அவர்கள் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

எடுக்கும் முறை எளிது. நோயாளியிடம் எதற்காக என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். 10 முதல் 20 மில்லிலிட்டர் சிறுநீர் போதும், நாள் முழுக்கச் சேகரிக்க வேண்டியதில்லை. படிவத்தில் எல்லா மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட நேரம், மாதிரி எடுத்த நேரம் ஆகியவை வேண்டும். உடனே அனுப்ப முடியாவிட்டால் உறைய வைக்க வேண்டும். நம் வெயிலில் கவுண்டரில் அரை நாள் கிடந்த குப்பியை நம்பிப் பயனில்லை.

"இல்லை" என்று வந்தவுடன் நோயாளியைக் குற்றம் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை நிறைய. டெல்மிசார்டன் பெரும்பாலும் பித்தம் வழியே மலத்தில் போய்விடும், சிறுநீரில் மிகக் குறைவே வரும். ஆய்வகம் அதற்கேற்ற நுண்மையோடு தேடாவிட்டால், போட்டவருக்கும் "இல்லை" என்றே வரும். பிராசோசினும் அப்படியே, அரை ஆயுளும் 2 முதல் 3 மணி நேரம்தான். ஸ்பைரோனோலாக்டோனை நேராகத் தேடுவதைவிட அது உடைந்து வரும் கான்ரெனோனைத் தேட வேண்டும், பெரிண்டோபிரிலுக்குப் பெரிண்டோபிரிலேட். நிறையத் தண்ணீர் குடித்து நீர்த்த சிறுநீரானால் எல்லாமே மங்கும், அதனால் சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இருப்பு இல்லாததால் மருந்தகம் பெரிண்டோபிரிலுக்குப் பதில் வேறொன்று கொடுத்து, அது படிவத்தில் திருத்தப்படாமல் போனாலும் "இல்லை" வரும். அந்தத் தவறு நோயாளியுடையது அல்ல.

"உண்டு" என்பதும் முழு நற்சான்று அல்ல. அம்லோடிப்பினை நிறுத்திச் சில நாள் ஆனாலும் சிறுநீரில் தடயம் தெரியும். கிளினிக் தேதிக்கு இரண்டு நாள் முன்பிருந்து ஒழுங்காகப் போடுபவர் எல்லாவற்றிலும் "உண்டு" வாங்கிவிடுவார். ஹைட்ரோகுளோரோதயசைட், அட்டெனோலால் போல விரைவாகச் சிறுநீரில் வெளியேறும் மருந்துகள் அண்மைய ஓரிரு நாள் கதையைச் சொல்லும், அம்லோடிப்பின் ஒரு வாரக் கதையைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரே அறிக்கையில் நிறையத் தெரியும்.

சிலது உண்டு, சிலது இல்லை என்று வரும் அறிக்கைதான் எனக்கு மிக மதிப்புள்ளதாகத் தெரிகிறது. எந்த மருந்தை ஒருவர் விடுகிறார் என்பது பெரும்பாலும் ஏன் விடுகிறார் என்பதையும் சொல்லிவிடும். அம்லோடிப்பின் மட்டும் இல்லையா, கணுக்கால் வீக்கத்தைக் கேளுங்கள். பெரிண்டோபிரில் இல்லையா, இரவில் வறட்டு இருமலா என்று கேளுங்கள். ஸ்பைரோனோலாக்டோனை ஓர் ஆண் விட்டிருந்தால் மார்பகத்தில் வலியும் வீக்கமும் வந்திருக்கலாம், கூச்சத்தில் சொல்லியிருக்க மாட்டார். நீர் மாத்திரை இல்லையென்றால் வேலையைக் கேளுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தில் ஒரு மணி நேரம் போகிறவர், லைனில் நின்று வேலை செய்கிறவர், லாரி ஓட்டுகிறவர், யாரும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு கிளம்ப மாட்டார். இரவு வேலைக்காரருக்குக் "காலை ஒன்று" என்பதே குழப்பம்.

எல்லாமே இல்லையென்றால் பக்க விளைவைத் தாண்டி யோசிக்க வேண்டும். தைப்பூச விரதத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுபவர், உறையில் "செலெபாஸ் மாக்கான்" (சாப்பிட்ட பின்) என்று எழுதியிருப்பதால், சாப்பிடாத வேளை மாத்திரையை விட்டுவிடுவார். அம்லோடிப்பினுக்குச் சாப்பாடு தேவையே இல்லை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊருக்கு இரண்டு மாதம் போனவர் ஒரு மாத மாத்திரையோடுதான் போயிருப்பார். "சிறுநீரகம் கெட்டுவிடும்" என்ற பயத்தில் நிறுத்தியவரும் உண்டு, உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத அழுத்தம்தான்.

ரத்தத்தில் அளப்பது

ரத்தம் எண்ணாகச் சொல்லும், அதனால் துல்லியமானது என்ற எண்ணம் வருகிறது. ஆனால் அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? ஃபெனிட்டோயினுக்கு இருப்பது போல, இதற்குள் இருந்தால் சரி என்று சொல்லும் எல்லை பிரஷர் மருந்துகளுக்கு வழக்கத்தில் இல்லை. ஒரே அளவு மெட்டோபுரோலால் போடும் இருவரின் ரத்த அளவு, கல்லீரல் நொதியின் மரபு வேறுபாட்டால், பல மடங்கு மாறலாம். மருந்தின் பலனைப் பார்க்க அழுத்தத்தையே அளக்கலாமே. ஆகவே "அளவு குறைவு, மாத்திரையைக் கூட்டு" என்று ரத்த எண்ணை வைத்து முடிவெடுப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தாது. இங்கும் பயன், மருந்து "உண்டா, இல்லையா" என்று அறிவதில்தான், அதற்குச் சிறுநீரே மலிவு, ஊசியும் இல்லை.

ரத்தம் வெல்லும் இடங்கள் சில. டயாலிசிஸ் செய்பவர்களில் பலருக்குச் சிறுநீரே வராது, அவர்களுக்கு ரத்தம்தான் வழி. சிகிச்சை நாளன்று காலை அழுத்தம் இறங்கிவிடும் என்று மாத்திரையை விடும் பழக்கம் அவர்களிடம் பரவலானது, அட்டெனோலால் போன்றவை இயந்திரத்திலேயே கழுவப்பட்டுவிடும், அம்லோடிப்பின் கழுவப்படாது. வயிற்று அறுவை செய்து உறிஞ்சும் திறன் குறைந்தவரிடமும், கண்ணால் பார்த்து விழுங்கியும் இறங்காதவரிடமும் ரத்த அளவு பொருள் தரும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவரிடம் அம்லோடிப்பின், லோசார்டன் அளவு விழுந்துவிடும். அவர் ஒரு நாளும் தவறாமல் போட்டிருந்தாலும் ரத்தத்தில் குறைவுதான். எடுப்பதானால் காலை மாத்திரைக்குச் சற்று முன் எடுக்க வேண்டும், கடைசி மாத்திரை நேரத்தை நிமிடத்தோடு எழுத வேண்டும். ஜெல் உள்ள குழாய் சில மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும், எந்தக் குழாய் என்று ஆய்வகத்திடம் கேட்டே எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் டாலஸில் 2014-இல் வெளியான சிறிய ஆய்வில் 56 நோயாளிகளுக்கு ரத்த அளவு பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் மருந்துகளை ஒழுங்காக எடுத்திருக்கவில்லை. விடையை அவர்களிடம் சொல்லி, காரணம் பேசித் தீர்த்த பிறகு, மருந்தைக் கூட்டாமலேயே அழுத்தம் வெகுவாக இறங்கியது. இறக்கியது எண்ணைப் பற்றி நோயாளியோடு நடந்த பேச்சு. சோதித்துவிட்டு அறிக்கையை நோயாளியிடம் காட்டாமல் கோப்பில் வைத்தால் செலவு முழுதும் வீண். மறைத்துச் சோதிப்பது அதைவிடக் கேடு, ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை வரவே மாட்டார்.

எதை எப்போது

சாதாரணக் கிளினிக்கில் வீட்டு அளவு, மருந்துப் பை, நேர்மையான கேள்வி ஆகிய மூன்றும் முடிந்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால், பார்த்து விழுங்கும் நாள் ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். பெரிய முடிவு எதிரே நிற்கும்போது சிறுநீர்ச் சோதனைக்குச் செலவிடுங்கள். சிறுநீரக நரம்பைச் சுடும் சிகிச்சைக்கு ஒருவரை அனுப்பும் முன், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் சிரையில் குழாய் விட்டு மாதிரி எடுக்கும் முன், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று தெரிந்தே ஆக வேண்டும். நரம்புச் சிகிச்சை ஆய்வுகளிலேயே நோயாளிகளின் மாத்திரைப் பழக்கம் இடையில் மாறி முடிவுகளைக் குழப்பியதால்தான் பிந்தைய ஆய்வுகள் மருந்து அளவையும் சோதிக்கத் தொடங்கின. ரத்த அளவை மேலே சொன்ன சில நோயாளிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து எல்லாம் இருக்கிறது, அழுத்தமும் ஏறியே இருக்கிறது என்றால், அது நோயாளிக்கு நியாயம் கிடைத்த நாள். இனி அவரைத் துருவாமல் நோயைத் துருவலாம். அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன் கோளாறைக் காட்டும் ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதம், குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்க நோய், சிறுநீரகத் தமனிச் சுருக்கம், உப்பு. நான்காவது மருந்தாக ஸ்பைரோனோலாக்டோன் 25 முதல் 50 மில்லிகிராம் மற்றவற்றைவிட நன்றாக இறக்கும் என்று 2015-இல் பாத்வே-2 ஆய்வு காட்டியது. அது பட்டியலில் இல்லாவிட்டால் ஐந்தாவதாக வேறொன்றைத் தேடும் முன் அதைப் போடுங்கள்.

மருந்து போகவில்லை என்று தெரிந்தால் எண்ணிக்கையைக் குறைப்பது முதல் வேலை. இரண்டோ மூன்றோ மருந்து சேர்ந்த ஒரே மாத்திரைகள் இருக்கின்றன. நாள் ஒன்றுக்கு ஒரு வேளை என்ற வகைக்கு மாற்றலாம், நீர் மாத்திரையை வேலை முடிந்த பிறகு போடச் சொல்லலாம், அம்லோடிப்பின் வீக்கத்துக்கு அளவை 5 ஆக்கலாம், இருமலுக்குப் பெரிண்டோபிரிலை விட்டு லோசார்டனுக்குப் போகலாம். மீண்டும் தொடங்கும்போது பழைய ஐந்தையும் ஒரே நாளில் திரும்பப் போடச் சொல்லக் கூடாது. இரண்டோடு தொடங்கி, வீட்டு அளவைப் பார்த்து, இரண்டு வாரத்தில் மூன்றாவதைச் சேருங்கள். பெரிண்டோபிரிலோ லோசார்டனோ ஸ்பைரோனோலாக்டோனோ சேர்ந்தால் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் ஸ்பைரோனோலாக்டோனைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும், 6-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.